பதினான்கு

மைனாட் ஊருக்கு வெளியே, மைனஸ் பதினெட்டில்,
அட்டைப்பெட்டியைக் கிழித்து விரித்து
லோர்னா ட்வேய்ட் பிக்கப்பின் அடியில் நுழைகிறாள்.
"எல்லாமே ஃபேக்டரி போட்டதுதான்" என்கிறது
வெர்னின் பூட்ஸ்.

உப்புச்சேற்றைச் சுரண்டி
டிஃபரென்ஷியல் மூடியில் போல்ட்டுகளை எண்ணுகிறாள்.
ஸ்டிக்கரின்படி பத்து இருக்கவேண்டும்.
பதினான்கு.
கையுறையைக் கழற்றிவிட்டு மறுபடி. பதினான்கு.
யாரோ இரண்டு மடங்கு சுமைக்கான ஆக்சிலைப்
பூட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள்.

ஜாக்கியில் தொங்கும் இடதுசக்கரத்தைச் சுற்றுகிறாள்.
வலது எதிர்த்திசையில் ஓடுகிறது.

"லாக்கர் இல்லையே, வெர்ன்."

பூட்ஸ் கால்மாற்றி நிற்கிறது.
"தம்பி தலையில் கட்டினது. நான் குனிந்துகூடப் பார்த்ததில்லை."

முந்நூறு டாலர் குறைகிறது.

பிறகு, நெடுஞ்சாலையில், பின்னாலிருந்து ஒரு முனகல்.
எண்ணெய் மாற்றவேண்டும்.
ரேடியோவைச் சத்தமாக வைக்கிறாள்.