கறுப்புப் போளை

தம்பலகாமத்து முன்பள்ளியில் அன்று என் முறை.
பதினெட்டுப் பிள்ளைகள்,
பத்து மணிச் சாப்பாடு
ஒரு நாளைக்கு ஒரு வீட்டிலிருந்து.
திங்களன்று கிதுஷன் வீட்டுக் கேக்,
ஹார்ட்வெயார்க் கடைக்காரர், செய்யலாம்.
செவ்வாய் அப்னானின் உம்மா
கிண்ணியாவிலிருந்து ரோல்ஸ்.

கடலை கிலோ என்ன விலை என்று கேட்டுவிட்டுக்
கடைவாசலிலேயே திரும்பினேன்.

குளம் வற்றிக் கிடந்தது.
மண்வெட்டி வேண்டாம், விரல் போதும்.
வெடித்த சேற்றின் மேல்தோலை நீக்கினால்
உள்ளே இன்னும் ஈரம்,
ஈரத்துக்குள் கறுப்பாய், மயிர் முளைத்து,
நெல்லிக்காய் அளவில் கொட்டிக்கிழங்கு.
எருமைகள் பார்த்துக்கொண்டு நின்றன
அவற்றின் பங்கை நான் எடுப்பதுபோல.

நாலு தண்ணீர் மாற்றிக் கழுவி
உப்புப் போட்டு அவித்து
வாளியைச் சேலைத் தலைப்பால் மறைத்துக்கொண்டு போனேன்.

"ஆட்டுப் புழுக்கை!"
என்றான் கிதுஷன்.
வகுப்பே சிரித்தது.
சுகிர்தா ரீச்சரும் சிரித்துவிட்டு
சட்டென்று கரும்பலகைப் பக்கம் திரும்பினா.
வாளியோடு ஓடலாம்போல் இருந்தது.

தின்னுங்கோ என்று நான் சொல்லவில்லை.
சத்து, விற்றமின் என்று
சொல்லத் தெரியவும் இல்லை.
ஒன்றை எடுத்து நகத்தால் கீறித்
தோலை உரித்தேன்.
கறுப்புக்குள் இருந்து வெள்ளை வந்தது.

அவ்வளவுதான்.
பதினெட்டுப் பேருக்கும் உரிக்க வேண்டும்.

உரித்தார்கள். உருட்டினார்கள். போளை அடித்தார்கள்.
ஒருத்தி காதில் வைத்துப் பார்த்தாள், தோடுபோல.
மேசைக்குக் கீழ் உருண்டதைத் தேடிப்போன ஹம்சிகன்
நெடுநேரம் வெளியே வரவில்லை.
வந்தபோது வாய் அசைந்தது.

"என்ன மாதிரி இருக்கு?"
யோசித்தான்.
"பலாக்கொட்டைக்குத் தம்பி."

அதற்குப் பிறகு வாளிக்குள் கைகள்.
அப்னான் மூன்று.
கிதுஷன் ஆட்டுப் புழுக்கை ஏழு.
எல்லாருக்கும் பிடித்தது என்றால் பொய்:
ஜெனுஷா துப்பினாள்,
துப்பியதை மணலால் மூடியும் விட்டாள், நல்ல பிள்ளை.

பின்னேரம் போன்.
ஹார்ட்வெயார்க்காரரின் மனைவி.
பிள்ளை அழுகிறானாம்,
கறுப்புப் போளை வேணுமாம்.
"எந்தக் கடையில எடுத்தனீங்க?"

விரல் நகங்களைப் பார்த்தேன்.
மூன்று தரம் சவர்க்காரம் போட்டும்
குளம் இன்னும் அவற்றுக்குள் இருந்தது.

"கடை இல்ல," என்றேன்.
"சனிக்கிழமை பிள்ளையை அனுப்புங்க.
செருப்பு வேண்டாம்."