பெருக்கல் குறி

பதிவைப் புதுப்பிக்க ஆறு புள்ளி குறைகிறது.
அதற்காக மட்டும்தான் மண்டபத்துக்கு வந்தேன்.
கடல் பார்த்த கூட்ட அறை,
இருபத்தோரு கண் பரிசோதகர்கள்,
உவர்ப்பு மாறாத தேநீர்.

மதியத்துக்கு மேல் படம் காட்டுவதை நிறுத்தி
ஆளுக்கொரு வெள்ளைக் கயிறு தந்தார்கள்,
சிவப்பு, மஞ்சள், பச்சை
மூன்று மணி கோத்தது.
ஒரு முனை ஜன்னல் கம்பியில்,
மறுமுனை மூக்கு நுனியில்.
நடு மணியைப் பார்த்தால்
மற்றவை இரண்டிரண்டாகும்,
கயிறு பெருக்கல் குறியாக நிற்கும்.
நின்றால்
இரண்டு கண்ணும் வேலைக்கு வந்திருக்கின்றன.

பெரியபட்டினம் மசூதா பர்வீன்தான் என் ஜோடி.
பிடித்த உடனே "பெருக்கல்" என்றாள்.

எனக்கு
இடமிருந்து வலமாய் ஒரே கயிறு.
துடைத்துவிட்டுப் பார்த்தேன். ஒன்றே.
"எனக்குக் கழித்தல்தான் மசூதா" என்றேன்.
அவள் சிரிக்கவில்லை.

பதினோரு வருடம்
தொண்டி கடைத்தெருவில்
ஊர்க் கண்ணையெல்லாம் பார்த்தவள்.
தனித்தனியே கேட்டால்
என் இரண்டு கண்ணும்
பலகையின் கடைசி வரிவரை ஒப்பிக்கும்.
சேர்த்துக் கேட்டால்
இடது வாய் திறக்காது.
யாரும் சேர்த்துக் கேட்டதில்லை,
நானும்.

ஸ்கூட்டர் சுவரில் உரசுவது,
டம்ளருக்குப் பக்கத்தில் தண்ணீர் ஊற்றுவது,
எல்லாம் அவசரக் குணம் என்றிருந்தேன்.

பிறகுதான்
நண்டுவலை ரெமிஜியுஸ் மகன் ஞாபகம் வந்தான்.
"எழுத்து ஓடுதுக்கா" என்றவன்.
ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு படித்தவனைக்
குறும்பு என்று கையைத் தட்டிவிட்டேன்.
பவர் இல்லை, பார்வை சரி,
படிக்கத்தான் சோம்பல் என்று
அவன் அப்பாவிடம் சொல்லி
ஐம்பது ரூபாய் வாங்கினேன்.

"வேகமாகக் கண்ணைச் சிமிட்டு" என்றாள் மசூதா.
சிமிட்டினேன்.
ஜன்னலுக்கு வெளியே ஒரு நாட்டுப்படகு
கரைக்கும் கடலுக்கும் நடுவில் தயங்கியது.
நடு மணியில் ஏதோ அசைந்தது.
இன்னொரு கயிறு,
கோடைத் தூறல்போல் மெலிசாய்.
வந்தது.
போய்விட்டது.

சான்றிதழை மடித்துப் பையில் போட்டேன்,
பேர் தப்பாக அடித்திருந்ததைக்கூடச் சொல்லாமல்.

ராமநாதபுரத்தில் பஸ் மாறி ஏறியதும்
முன்சீட்டுக் கம்பியில் கயிற்றைக் கட்டினேன்.
"என்னம்மா, தூண்டிலா?" என்றார் கண்டக்டர்.
ஆமாம் என்று சொல்லிவிட்டு
ரெமிஜியுஸுக்கு போன் போட்டேன்.
"பையனை அனுப்புங்கண்ணே.
இல்ல, கண்ணாடி இல்ல.
காசும் வேண்டாம்.
நான் அன்னைக்குச் சரியாப் பாக்கல."

அந்தப் பக்கம் காற்று இரைந்தது.
"அவன் படிப்ப நிறுத்திட்டாம்மா" என்றார்.
"அனுப்புங்க" என்றேன்.

தேவிபட்டினம் வருவதற்குள்
இரண்டாம் கயிறு
இரண்டு தரம் வந்தது.
மூன்றாவது தரம்
பள்ளத்தில் பஸ் குதித்துவிட்டது.