லிட்டருக்கு ஒன்பது

டேஷ்போர்டு அறையில் ஒரு நோட்டு.
பெட்ரோல் போட்ட தேதி, லிட்டர், ஓடிய கிலோமீட்டர்.
பதினோரு வருஷத்தில் ஒரு வரி விட்டதில்லை.
கல்யாண நாளை மறந்திருக்கிறேன்,
இதை இல்லை.

புந்தா அரேனாஸிலிருந்து சான் கிரெகோரியோ
நூற்றிருபது கிலோமீட்டர் சொச்சம்.
செவ்வாயும் வெள்ளியும் போவேன்,
மருந்தகத்து ரத்தக் குப்பிகளை எடுத்துவர.
போகும்போது மேல்காற்று
முதுகில் கை வைத்துத் தள்ளும்:
லிட்டருக்குப் பதினைந்து.
திரும்பும்போது அதே காற்று
நெஞ்சில் கை வைத்து "எங்கே?" என்று கேட்கும்:
பத்து.
கூட்டிக் கழித்தால் பன்னிரண்டு.
புகார் சொல்ல ஒன்றுமில்லை.

ஜூனில் பதினொன்று.
சரி, குளிருக்கு டயர் இளைத்திருக்கும்.
முட்டிபோட்டு நாலிலும் காற்றடித்தேன்.
விரல்தான் விறைத்தது.

ஜூலையில் பத்து.
மார்ச்சில் மெத்தை ஏற்றக் கட்டிய கூரைச் சட்டம்
இன்னும் அங்கேயே நின்று
போகிற காற்றையெல்லாம் வம்புக்கு இழுத்துக்கொண்டிருந்தது.
கழற்றினேன். புள்ளி இரண்டு ஏறியது, மறுவாரம் இறங்கியது.
டிக்கியில் பனிச்சங்கிலி, மண்வாரி,
நிபால்தோவின் ஆலைத் தலைக்கவசம்,
இரும்பு முனை வைத்த பூட்ஸ்.
சங்கிலியும் மண்வாரியும் இருக்கட்டும் என்று
மற்றதை இறக்கிப் பின்வாசலில் போட்டேன்.
பாரம் குறைந்தால் மைலேஜ் கூடும் என்பார்கள்.

ஆகஸ்டில் ஒன்பது.

ஓயார்சோ முதலில் கருவி எதையும் எடுக்கவில்லை.
ஒவ்வொரு சக்கரத்தின் மேலும் புறங்கையை வைத்தார்,
காய்ச்சல் பார்ப்பதுபோல.
"பிரேக் பிடித்திருந்தால் ஒன்று மட்டும் சுடும், யெர்கா."
ஒன்றும் சுடவில்லை.
ஸ்டியரிங்குக்கு அடியில் ஒரு ஒயரைச் சொருகினார்.
சின்னத் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்,
மறுபடி திரையை.
"வண்டியில் குறையில்லை.
ஓடிய தூரத்துக்கும் ஓடிய நேரத்துக்கும் ஒத்துவரவில்லை.
எங்கேயோ நின்ற இடத்தில் நின்றபடி
மணிக்கணக்காக எஞ்சின் ஓடுகிறது."
காசு வாங்க மறுத்துவிட்டார்.
அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

நிற்கிற வண்டிக்கு லிட்டருக்கு எத்தனை?

அன்றிரவு ஒரு மணிக்குக் கதவுச் சத்தம்.
கோட்டை மாட்டிக்கொண்டு நடந்தே இறங்கினேன்.
ஜலசந்திக் கரையில், தண்ணீரைப் பார்த்தபடி,
முன்விளக்கு அணைந்த என் வண்டி.
புகைக்குழாயில் வெள்ளை மூச்சு.
ரேடியோவின் பச்சை வெளிச்சத்தில்
அவன் தாடை மட்டும் தெரிந்தது.
ஆலை அவனை அனுப்பி நாலு மாதம்.
வீட்டில் அதைப்பற்றி ஒரு வார்த்தை இல்லை.
கண்ணாடியைத் தட்டக் கை எடுத்தேன்.
எடுத்த கையைப் பைக்குள் விட்டுக்கொண்டேன்.
வீடு மேட்டில், மேற்கே.
வழியெல்லாம் காற்று நெஞ்சில்.
அந்த இரண்டு கிலோமீட்டர் எந்த நோட்டிலும் இல்லை.

காலையில் சொன்னது இவ்வளவுதான்:
"டேங்கில் கொஞ்சம்தான் இருக்கு."
அவன் வெண்ணெய் தடவுவதை நிறுத்தவில்லை.
காது மட்டும் சிவந்தது.

செப்டம்பரில் பன்னிரண்டு.
அடுத்த வாரம் பன்னிரண்டரை.
ஏறுகிற எண்ணைப் பார்த்துப் பயந்தது இதுதான் முதல் தடவை.
காரில் இல்லையென்றால் ராத்திரி எங்கே?
டயர், காற்று, சட்டம், பாரம்:
கைவசமிருந்த காரணங்களையெல்லாம்
ஏற்கெனவே செலவழித்திருந்தேன்.

பின்வாசலில் பூட்ஸ் ஈரமாக இருந்தது.
இரும்பு முனையில் உப்பு பூத்து,
அடிப்பள்ளத்தில் ஒரு கரைக்கல் சிக்கி.
நடந்து போகிறான்.
திரும்பும்போது அவனுக்கும் எதிர்க்காற்றுதான்.

நோட்டை எடுத்தேன்.
தேதி, லிட்டர், கிலோமீட்டர்.
ஓரத்தில் பென்சிலால், சின்னதாக:
ரொட்டி, தினம் இரண்டு கூடுதல்.