அம்பாறையிலிருந்து பலாலிக்கு ஒரு லொறி

கலண்டரின் பின்பக்கத்தில்
நில்மினி கோடு கிழிக்கிறாள்.
சார்ஜன்ட் முந்தியே போய்விட்டார்.
குவாட்டர்ஸ் வாசலில் கட்டில், தையல் மெசின்,
பால்மா டின்னில் கறிவேப்பிலைக் கன்று,
லொறியேறினால் சத்தியெடுக்கும் சின்னவன்.

"உதுமான் நானா, ராவைக்கே வெளிக்கிடுவமா?"
"வெலிக்கந்தையில ஆனை நிக்கும்.
சுபஹு தொழுதிட்டு எடுப்பம்."
"எத்தனை இடத்தில நிப்பாட்டுவீங்க?"
"மூணு.
வாழைச்சேனையில டீசல், ஹபரணையில சோறு,
வவுனியாவில டீ."
மூன்று வட்டம் போடுகிறாள்.

இதே ரோட்டில்
வெங்காயம் ஏற்றிய காலம்
பதினேழு இடத்தில் இறக்கி,
அவிழ்த்துக் காட்டி,
திரும்பக் கட்டியிருக்கிறேன்.

"இன்னொண்டு போடுங்க தங்கச்சி, சின்னவனுக்கு.
மன்னம்பிட்டி தாண்டினா ஒரு மருதமரம்.
நல்ல நிழல்."

அரைநாள்
முட்டுக்காலில் இருந்து பார்த்த நிழல்.