மூண்டாவது சிலிண்டர்

நாலு லட்சம் கிலோமீற்றர் ஓடின லான்சர்.
என்னட்டை நாற்பதாயிரம் ரூபா.

டேர்போ போடு எண்டான் சஞ்சீவன்.
கொக்குவில் கராஜில
டிலக்சன் கேஜைச் செருகிப் பாத்தான்.
மூண்டாவது சிலிண்டரில
ஊசி நூற்றிப்பத்தோட நிண்டுட்டுது.

கையைத் துடைச்சுக்கொண்டு சொன்னான்:
"மூச்சு விட வழி செய்வம் அக்கா,
அது போதும்."

பிளக் நாலு. ஏர் ஃபில்டர்.
வால்வுக்கு ஒரு தாள் தடிப்பில இடைவெளி.
மிஞ்சின காசுக்கு பிரேக் பாட்:
வேகம் கேட்டு வந்தவளுக்கு
நிக்கிறதுக்குச் சாமான்.

டிக்கிக்குள்ள
முளைச்ச வெங்காயச் சாக்கு,
ஓடாத தண்ணிப் பம்பு,
போனவன்ரை கிரிக்கெட் பை.
இறக்கினன். அதுக்குக் காசு கேக்கேல்லை.

நாவற்குழிப் பாலம் தாண்டி
வவுனியா பஸ்ஸை முந்தினன்,
ஒருக்கால்தான்.
மூண்டாவது சிலிண்டர் இருமினது.
இருமி இருமி
கூடவே வந்தது.