இரண்டுக்குள்

லிஃப்ட் குழிக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது.
எக்ஸ்ரே வண்டி தரைத்தளத்தில்,
நாங்கள் நான்காவது மாடியில்.
சயானில் தண்டவாளம் மூழ்கிவிட்டதாம்,
டெக்னீஷியன் இன்னும் தாதரைத் தாண்டவில்லை.
காலையில் பார்க்கலாம் என்கிறது போன்.

பன்னிரண்டாம் படுக்கைக்கு
அவ்வளவு பொறுமை இல்லை.
கேல்ஸ்கர், ஐம்பத்தொன்று,
பம்ப் ஹவுஸ் ஆபரேட்டர்.
மூன்று நாள் முழங்கால் நீரில் நின்று
மும்பையைக் கடலுக்குள் வடித்துக்கொண்டிருந்தவர்.
எலிக்காய்ச்சல்.
மேல் அழுத்தம் அறுபத்தெட்டு.
வலக்கழுத்தை டயாலிசிஸ் குழாய் எடுத்துக்கொண்டதால்
இடக் காறையெலும்புக்குக் கீழே குத்தி
குழாய் போட்டுத் தைத்தும் முடித்தேன்.

ரத்தம் வந்தது, கருஞ்சிவப்பாக, துள்ளாமல்.
மூன்று வாயிலும் வந்தது.
ஆனால் அது
சிரைக்குள் இருக்கிறோம் என்பதற்குத்தான் சாட்சி,
எந்தப் பக்கம் போகிறோம் என்பதற்கு இல்லை.

முதலில் நெஞ்சு.
விலா இடுக்கில் நுரையீரல்
இரவு பஸ் கண்ணாடியில் வழியும் நீர்போல
மினுங்கி நகர்கிறது.
காற்று கசியவில்லை. நல்லது.

பிறகு இதயம்.
நெஞ்சுக்குழியில் புரோபை அழுத்தி
ஜெல் மணிக்கட்டில் வழிய
நான்கு அறைகளையும் திரைக்குக் கூட்டிவருகிறேன்.
ஷெவந்தா சிஸ்டர் இரண்டு சிரிஞ்சுக்கு நடுவே
ஒன்பது பங்கு உப்புநீரையும் ஒரு பங்கு காற்றையும்
டீ ஆற்றுகிற மாதிரி ஆற்றுகிறார்.
வெளுத்துவிட்டது.
"சோடூ?"
விடுங்கள்.

ஒன்று.
இரண்டு.
வலது மேலறை
அமாவாசைக் கிணறாகவே இருக்கிறது.
மூன்று.
நான்கு.
நான்கரையில் கொஞ்சம் சோம்பல் நுரை,
வழி கேட்டுக் கேட்டு வந்த மாதிரி.

யாரும் எதுவும் சொல்லவில்லை.

புரோபை இடக்கழுத்துக்கு நகர்த்துகிறேன்.
அழுத்தினால் அமுங்குகிற சிரை.
அதற்குள் இரண்டு வெள்ளைக் கோடுகள்,
மூழ்காத தண்டவாளம், மேல்நோக்கி.
என் குழாய்க்குத் தலைக்கேறிவிட்டது.
எனக்கும்தான்.
முதல் குத்திலேயே கிடைத்ததை
சிஸ்டரிடம் ஒரு தடவை
ஜூனியரிடம் ஒரு தடவை
சொல்லியிருந்தேன்.

தையலை வெட்டினேன்.
கம்பியை உள்ளே விட்டுக் குழாயை உருவினேன்.
கம்பியைப் பின்னிழுத்து, முனையைத் தாழ்த்தி,
மறுபடி தள்ளும்போது
புதுக் கையுறைக்குள் சிஸ்டரின் கட்டைவிரல்
காறையெலும்புக்கு மேலே வந்து
கழுத்துப் பாதையை அடைத்தது.
கேல்ஸ்கர் விழித்திருந்தால் சிரித்திருப்பார்.
ஒரு வால்வை மூடி
தண்ணீரை மறுபக்கம் திருப்புவதற்கு
அவருக்கு மாநகராட்சி
இருபத்தாறு வருடமாகச் சம்பளம் தருகிறது.

புதுக் குழாய்.
மறுபடி ஆற்றல்.
மறுபடி, "சோடூ?"

ஒன்—
சொல்லி முடிப்பதற்குள்
கோலி சோடாவை உடைத்த மாதிரி
அறை முழுக்க வெள்ளை.
சுழன்றது, பொங்கியது,
அடுத்த துடிப்பில் கீழறைக்கு இறங்கியது.

நார்அட்ரீனலின் ஓடத் தொடங்கியது.
எழுபத்தொன்று.
எழுபத்தாறு.
கொஞ்ச நேரம் அதே எழுபத்தாறு.
பிறகு எண்பத்தெட்டு.

கதவுக்கு வெளியே அவர் மகள் ருதுஜா,
ஈரச் செருப்பைக் கையில் பிடித்தபடி:
"ட்யூப் சரியாப் போச்சா?"
போச்சு என்றேன்.
பொய் இல்லை.

எக்ஸ்ரே காலை பத்து மணிக்கு மேலே வந்தது.
அதுவரை கேஸ் ஷீட்டில் இரண்டு வரிதான்.
முதல் முறை நான்கரை வினாடி,
குழாய் கழுத்துக்கு ஏறியிருந்தது, திருத்தப்பட்டது.
இரண்டாம் முறை இரண்டுக்குள்.

முதல் வரிக்கு முன்னால்தான்
பேனாவை உதறி உதறிப் பார்த்தேன்,
மை நன்றாகவே இருந்தது.