பசை

புதன்கிழமை பன்னிரண்டரைக்கு
மணிக்கூண்டின் அடியில் வந்து நிற்போம்.
இன்று ஐந்து பேர்.
ஆல்வினுக்கு முட்டி அறுவை, இல்லையென்றால் ஆறு.

நாங்கள் குவேக்கர்கள்.
ஓட்ஸ் டப்பாவோடு எங்களுக்குச் சம்பந்தமில்லை.
ஒரு மணி நேரம்.
பாட்டில்லை, பாதிரியார் இல்லை, கோஷமில்லை.
யாருக்காவது உள்ளிருந்து சொல் வந்தால் சொல்லலாம்.
இருபத்தொரு வருஷத்தில் இரண்டு முறை வந்தது.
அதில் ஒன்று, "மழை வலுக்கிறது" என்பது.

என்ன செய்கிறீர்கள் என்று கேட்கும் பள்ளிப் பிள்ளைகளிடம்
சும்மா நிற்கிறோம் என்பாள் ஹெஸ்டர்.
அதைவிடச் சரியான பதில் எனக்கும் தெரியாது.

நிற்கும்போது நான் நினைப்பதெல்லாம் அமைதியை அல்ல.
கேஸ் பில். ஃப்ரீசரிலிருந்து எடுத்துவைக்க மறந்த மீன்.
கப்பல்தளத்தில் வெல்டராயிருக்கும் தங்கை மகன்.
அவன் பற்றவைக்கும் நீர்மூழ்கியின் வயிற்றில்
எதை ஏற்றுவார்கள் என்று
கிறிஸ்துமஸ் சாப்பாட்டில் யாரும் கேட்பதில்லை.
பிறகு மூச்சு. பிறகு புறா.
எப்போதாவது, ஒரு நிமிஷத்துக்கும் குறைவாக,
எதுவுமில்லாத ஓர் இடம்.
அதற்காகத்தான் வருகிறேன் போலிருக்கிறது.

மௌனம் சம்மதம் என்று எடுத்துக்கொள்கிறவர்கள் எங்கும் உண்டு.
ஆகவே ஒரு பலகை.
ஆல்வின் வீட்டுப் பரணில் கிடந்த ப்ளைவுட்.
மேல்வரி நீலப் பெயின்ட், மாறாதது:
அமைதிக்காக இங்கே நிற்கிறோம்.
கீழ்வரி தாளில்.
முதலில் ஈராக் என்று எழுதியவள் எனிட்,
இப்போது அவள் இல்லை.
அதன்மேல் தார்ஃபூர். அதன்மேல் காஸா.
பிறகு சிரியா, பிறகு யேமன், உக்ரைன்,
திரும்பவும் காஸா.
ஒவ்வொரு தடவையும் மாவு காய்ச்சி
பழைய பேரின்மேல் புதுப்பேர்.
பலகை இப்போது கையில் கனக்கிறது.
ஒரு போரும் முடிந்ததென்று யாரும் வந்து சொன்னதில்லை.
செய்தியில் வருவது நின்றுபோகும்.
நாங்கள் பசை காய்ச்சுவோம்.

மார்ச்சில் ஐரிஷ் கடல் காற்று.
பலகையின் ஓரம் உப்பி
நாலைந்து தாள் ஒட்டாகப் பிய்ந்து தொங்கியது.
அசையலாமா என்று யோசித்தேன். அசையவில்லை.

சாப்பாடு கொண்டுபோகும் பையன்,
முதுகில் பச்சைப் பெட்டி,
சைக்கிளை நிறுத்திப் பலகையையே பார்த்தான்.
தார்ஃபூர்.
எனிட்டின் கையெழுத்து, முதல் எழுத்துக்கு வயிறு கொஞ்சம் பெரிசு.

"நான் அந்த ஊர்," என்றான். "அல் ஜெனைனா."
தொங்கிய தாள்களைச் சீட்டுக்கட்டுபோல் விரலால் புரட்டினான்.
"எங்களை எப்போது மூடினீர்கள்?"

யாருக்காவது சொல் வந்தால் சொல்லலாம்.

கடைசியில் ஹெஸ்டர்.
அவள் சத்தியம் செய்யமாட்டாள்,
பொய்யும் சொல்லமாட்டாள்.
"இரண்டாயிரத்து எட்டு. டிசம்பர்."
அவன் கணக்குப் போட்டான்.
"எனக்கு ஆறு வயது."
கைப்பேசி கூவியது.
யாருடைய நூடுல்ஸோ ஆறிக்கொண்டிருந்தது.

அன்று தேநீரின்போது சண்டை.
அமைதிக்காரர்கள் சண்டையில் குரலை உயர்த்துவதில்லை,
அதனால் நெடுநேரம் நீளும்.
எல்லாப் பேரையும் எழுதலாம் என்றார் க்ளைவ். இடம் போதாது.
ஒன்றுமே வேண்டாம் என்றாள் ஹெஸ்டர்.
பிய்ந்தது பிய்ந்தபடி இருக்கட்டும் என்றேன்.
அப்போது காஸா?
முடிவாகவில்லை. கோப்பைகளைக் கழுவிவைத்தோம்.

அடுத்த புதன் பலகை இரண்டு,
ஆள் நாலு.
இரண்டாவதை விளக்குக்கம்பத்தில் சாய்த்தோம்.
காற்று தள்ளும், யாராவது போய் நிமிர்த்துவோம்,
மறுபடி தள்ளும்.

ஒன்று இருபதுக்குப் பச்சைப் பெட்டி.
ஒரு கால் தரையில், ஒரு கால் பெடலில்.
குப்புற விழுந்திருந்ததைத் தூக்கி
பெட்டியைக் கட்டும் ரப்பர் கயிற்றால்
கம்பத்தோடு இறுக்கினான்.
எங்களைப் பார்க்கவில்லை.
பெட்டி முதுகில் கோணலாக ஆட
மீன்சந்தைப் பக்கம் திரும்பிப் போனான்.

கயிறு என் கோட்டுப் பையில் இருக்கிறது.
திருப்பிக் கொடுக்கவேண்டும்.
பேர் கேட்காமல் விட்டுவிட்டோம்.